சமத்துவக் கடல்

தொட்டியின் விளக்கைப் போட்டதும் அஸ்வினி பார்ப்பது யார் இருக்கிறார்கள் என்பதை அல்ல, யார் இல்லை என்பதை. அன்று காலை இல்லாமல் போயிருந்தது கறுப்பும் மஞ்சளுமான மீன். பவளப் பாறைக்குப் பின்னால் வால் கிழிந்து ஒருக்களித்துக் கிடந்தது. கண் இருந்த இடத்தைத் தொட்டியின் சின்ன நண்டுகள் ஏற்கெனவே முடித்திருந்தன. அந்த வீட்டில் வெள்ளிப்பிடி போட்ட மீன் வலை ஒன்று உண்டு. விருந்தாளிகள் வரும்போது மாமனார் கையில் பிடித்துக்கொண்டு பேசுவதற்கானது. அஸ்வினியிடம் இருப்பது குச்சி கட்டிய பழைய டீ வடிகட்டி. ஏழு மாத வயிற்றைக் கண்ணாடியில் அழுத்திக்கொண்டு எக்கி, செத்ததை வாரி எடுத்துப் பின்பக்கம் கொண்டுபோய்க் கறிவேப்பிலைச் செடியடியில் புதைத்தாள். கொஞ்ச நாளாக அந்தச் செடி அடர்த்தியாகத் துளிர்க்கிறது. மாமியார் ஜெயத்தின் கைராசி என்று அக்கம்பக்கத்தில் பேச்சு.

"மாமா, அந்தக் கறுப்பு மீனு செத்துப்போச்சுங்க."

கோதண்டபாணி செய்தித்தாளைத் தாழ்த்தாமலே பதில் சொன்னார். "செத்துப்போச்சு என்று சொல்லாதே அம்மா. விடைபெற்றது என்று சொல்."

"விடைபெத்துடுச்சுங்க மாமா."

"வெள்ளிக்கிழமை விழா. ஜெகதீசனுக்குப் போன் போட்டு, அதே நிறத்தில் ஒன்று கொண்டுவரச் சொல்."

கோதண்டபாணி கூட்டுறவுச் சங்கச் செயலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற மறுநாளே தென்பெண்ணை நல்லிணக்க மன்றத்தின் தலைவரானார். மன்றத்தைத் தொடங்கியவரும் அவரே என்பதால் போட்டி இல்லை. 'சமத்துவச் சுடர்' என்று ஒரு பட்டம் உண்டு. அதை மன்றம் அவருக்கு வழங்கியது, மன்றத்தின் சார்பில் அவரே கையெழுத்திட்டிருந்தார். விழுப்புரத்தில் எங்கே மைக் கட்டினாலும் அவர் இருப்பார். பேசிப் பேசி வீட்டிலும் மேடைத் தமிழே நாக்கில் தங்கிவிட்டது. குழம்பில் உப்புக் குறைந்தால்கூட "சுவையில் ஒரு வெறுமை தெரிகிறது" என்பார். நிஜமாகவே கோபம் வந்தால் மட்டும் மேடை சரிந்து, உள்ளேயிருந்து வேர்க்கடலையை மல்லாட்டை என்கிற மேல்மலையனூர்ப் பக்கத்துக் கொல்லையில் வளர்ந்த நாக்கு வெளியே வரும்.

அப்படி அது முழுசாக வெளியே வந்தது மகன் இனியவன் கல்யாணப் பேச்சில்தான். திண்டிவனத்தில் வங்கித் தேர்வுப் பயிற்சி வகுப்புக்குப் போனவன், தேர்வில் தேறாமல் அஸ்வினி மேல் காதலோடு திரும்பி வந்தான். பெண் கூட்டேரிப்பட்டு. ஊருக்குள் இல்லை, ஊரைத் தாண்டி மாதா கோயில் தெரு. அதற்கு மேல் விசாரிக்க வேண்டியிருக்கவில்லை. "எம் பொணத்தத் தாண்டிப் போயி கட்டிக்கினு வாடா" என்று சமத்துவச் சுடர் அன்று கத்தியது தெருமுனை இஸ்திரிக்காரர் வரைக்கும் கேட்டது. கல்யாணத்தைக் காப்பாற்றியவர் மன்றத்தின் செயலாளர் அப்பாதுரை. அவர் நல்ல மனிதர், அதனாலேயே ஆபத்தானவர். மேடையில் சொல்வதைத் தலைவர் நம்புகிறார் என்று நம்பிக்கொண்டிருந்த ஒரே ஆள். அரைகுறையாகக் காதில் விழுந்த சேதியை வைத்துக்கொண்டு திண்டிவனத்துக் கூட்டத்தில், "பேசுவதைத் தன் வீட்டிலேயே செய்து காட்டுகிறார் நம் தலைவர்! மகனுக்குக் கலப்புத் திருமணம்!" என்று அறிவித்துவிட்டார். கைதட்டல். பொன்னாடை. துண்டை முகத்தில் ஒற்றிக்கொண்டு கோதண்டபாணி எழுந்து கும்பிட்டார். கைதட்டல் ஓய்வதற்குள் சம்மதமாகிவிட்டது.

தொட்டி அதற்குப் பிறகு வந்தது. புதுச்சேரியில் ஒரு நண்பர் வீட்டில் ஒரு ஜோடி கோமாளி மீனைப் பார்த்துவிட்டு வந்தவர், ஜெகதீசனைக் கூப்பிட்டார். ஜெகதீசனுக்குப் புதுச்சேரியில் கடல்மீன் தொட்டி வைத்துக் கொடுக்கும் தொழில்.

"ஒரே வகையை வளர்ப்பதில் என்ன பெருமை? கோமாளி மீனில் எத்தனை வகை உண்டோ அத்தனையும் வேண்டும். ஒரே கடல். ஒரே நீர். பிரிவினை கூடாது."

"சார், அதுங்க ஒண்ணா இருக்காது சார். அதுங்களுக்குள்ள பெரியது சின்னது பாக்கும். வேற வகைன்னா அடிச்சே கொன்னுடும்."

"மனிதனே மாறும்போது மீன் மாறாதா?"

ஜெகதீசன் அவர் முகத்தைப் பார்த்தான். சுவரில் இருந்த பொன்னாடைப் படங்களைப் பார்த்தான். செத்தால் மறுபடியும் தன்னிடம்தான் வாங்க வேண்டும் என்பது அந்த நேரம் அவனுக்குத் தோன்றியிருக்க வேண்டும். "சார் சொன்னா சரி. பழகிடும் சார்" என்றான்.

அந்த வீட்டில் 'பழகிடும்' என்ற சொல் அன்று குடியேறியது. கூடத்துச் சுவரை அடைத்துக்கொண்டு தொட்டி வந்தது. கடல் உப்பைக் கலந்த தண்ணீர், அதைக் குளிர வைக்க ஒரு இயந்திரம், அலை அடிக்க ஒன்று, கரண்ட் போனால் இன்வெர்ட்டர். மனிதர்கள் மின்விசிறி இல்லாமல் விசிறிக்கொண்டிருக்கும்போது மீன்கள் குளிர்ச்சியாக இருந்தன. தொட்டியின் கீழே தங்க நிற எழுத்தில் 'சமத்துவக் கடல்' என்று ஒட்டப்பட்டது. முதலில் ஆரஞ்சில் வெள்ளைப் பட்டை போட்ட சின்ன ஜோடி வந்தது. அடுத்து தக்காளி நிறத்தில் ஒன்று, அப்புறம் கறுப்பும் மஞ்சளும். கடைசியாக ராணி.

ராணி என்பது ஜெகதீசன் வைத்த பெயர். கருஞ்சிவப்பு உடம்பு, உள்ளங்கை நீளம், கன்னத்தில் முள். அது வந்த அன்று, கண்பட்டுவிடும் என்று ஜெயம் ஆலம் கரைத்து எடுத்துவந்து தொட்டிக்கு முன்னால் மூன்று சுற்றுச் சுற்றினாள். அஸ்வினி மாடிப்படியில் நின்று அதைப் பார்த்தாள். பதிவு அலுவலகத்திலிருந்து மாலையோடு அவள் இந்த வாசலில் வந்து நின்ற அன்று ஆலம் இல்லை. ராகு காலம் என்று சொன்னார்கள். மீனுக்கு நல்ல நேரம் பார்த்து வந்திருந்தார்கள்.

ராணி வந்த உடனே கடல்சாமந்தியைப் பிடித்துக்கொண்டது. பூ மாதிரி விரிந்து விரல் விரலாக ஆடும் அந்த உயிரின் நடுவில்தான் கோமாளி மீனுக்கு வீடு. அதில் மற்ற எதையும் அண்டவிடவில்லை. முதலில் தக்காளி நிறம் போனது. ஆரஞ்சு ஜோடியில் பெரியது போனது. இப்போது கறுப்பு மஞ்சள். ஒவ்வொன்று போகும்போதும் அதே நிறத்தில் இன்னொன்று வந்து சேர்ந்தது. வருகிற விருந்தாளிகளுக்கு அது எப்போதும் அதே நான்கு வகையும் வாழும் கடல்தான்.

ஆரஞ்சு ஜோடியில் மிஞ்சிய சின்னது மட்டும் ஆரம்பத்தில் வந்ததே இன்னும் இருந்தது. தொட்டியின் மேல் மூலையில், தண்ணீர் வழிந்து இறங்கும் இடத்தில், உடம்பைக் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டு துடுப்பை மட்டும் ஆட்டியபடி நின்றது. கீழே இறங்குவதில்லை. தீனி போடும்போது மூலைக்கு மிதந்து வருவதை மட்டும் கவ்வும். வராவிட்டால் இல்லை.

தொட்டியைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு அஸ்வினிக்கு. "நீ படிச்ச பொண்ணு, ஒனக்குத்தான் புரியும்" என்றாள் ஜெயம். அடுப்படி வேலை அவளுக்கு இல்லை. இது தெருவே பொறாமைப்பட்ட விஷயம். "எம் மருமவள அடுப்படி வாசப்படிய மிதிக்க வுடறதில்ல. மாசமா இருக்கற பொண்ணு, அதுக்கு எதுக்கு அந்தக் கஷ்டம்?" என்று ஜெயம் எல்லோரிடமும் சொன்னாள். மாசமாவதற்கு முன்னாலும் மிதிக்க விட்டதில்லை என்பதை யாரும் கேட்கவில்லை. அஸ்வினிக்கு மாடி அறை. அவளுக்கென்று ஒரு எவர்சில்வர் தட்டு, ஒரு டம்ளர். சோறு, குழம்பு, பொரியல் எல்லாம் ஒரே தடவையாகத் தட்டில் போட்டு மாடிக்கு வந்துவிடும். "நிம்மதியா சாப்புடு." இன்னும் கொஞ்சம் வேண்டுமென்றால் படி முனைக்கு வந்து குனிந்து, "அத்த" என்று குரல் கொடுக்க வேண்டும். ஜெயம் கையில் இருக்கிற வேலையை முடித்துவிட்டு, சோற்றுக் குண்டானைத் தூக்கிக்கொண்டு, முட்டியைப் பிடித்தபடி ஒவ்வொரு படியாக ஏறி வருவாள். முகம் சுளிக்க மாட்டாள். மூச்சு மட்டும் வாங்கும். "போதுமா யம்மா? இன்னும் வைக்கவா?" அஸ்வினி ஒரு மாதம் கூப்பிட்டாள். அப்புறம் கூப்பிடவில்லை. தட்டில் வந்ததே போதும் என்று வயிற்றுக்குச் சொல்லிக்கொடுத்தாள்.

ஒரு மத்தியானம், சின்ன மீன் ஏன் வளரவே இல்லை என்று போனில் தேடினாள். எங்கோ யாரோ எழுதியிருந்தார்கள். கோமாளி மீன்களில் ஒவ்வொன்றுக்கும் ஒரு வரிசை உண்டு. தனக்கு மேலே இருப்பதன் அளவுக்கு வளர்ந்துவிட்டால் துரத்தப்படும், துரத்தப்பட்டால் சாவுதான். அதனால் சின்னது தீனியைக் குறைத்துக்கொண்டு, தன்னைத் தானே சின்னதாகவே வைத்துக்கொள்ளும். எத்தனை வருஷமானாலும். அஸ்வினி போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுத் தட்டைக் கழுவப் போனாள்.

அந்த வாரம்தான் ஸ்கேன். மருத்துவர் அம்மாள் திரையைக் கொஞ்சநேரம் பார்த்துவிட்டு, "மாசத்துக்கு ஏத்த வளர்ச்சி இல்லையேம்மா. சின்னதா இருக்கு. சரியா சாப்பிடறியா?" என்றார்.

பதில் ஜெயத்திடமிருந்து வந்தது. "இன்னா டாக்டர் இப்டிக் கேட்டுட்டீங்க? எங்கூட்ல இல்லாததா? ஒரு வேல வுடறதில்ல. ராணி மாதிரி வெச்சிருக்கோம்."

மருத்துவர் அஸ்வினியைப் பார்த்தார். அஸ்வினி திரையைப் பார்த்தாள்.

"அம்மா வீடு எங்க?"

"கூட்டேரிப்பட்டுங்க."

"பக்கம்தானே. போயி இருந்து நல்லா சாப்பிட்டுட்டு வா. எடை கூடணும், இல்லன்னா கஷ்டம். அசைவு இருக்குதான்னு கவனிச்சிக்கினே இரு. கொறஞ்சா உடனே வரணும்."

வெளியே வந்ததும் ஜெயம் ஆட்டோவில் ஏறிக்கொண்டே, "டாக்டருங்க அப்டித்தான் பயமுறுத்துவாங்க. பேஜாரு புடிச்சவங்க" என்றாள்.

அஸ்வினி இனியவனிடம் சொன்னாள். அவன் கேட்டான். கேட்பதில் அவனுக்குக் குறையே இல்லை. "ஃபங்ஷன் முடியட்டும் அஸ்வி. அப்பாகிட்ட பக்குவமா பேசறேன்." இனியவனுடைய பக்குவம் ஜாடியில் இருக்கிற ஊறுகாய். மூடி திறந்து பரிமாறப்பட்டு அவள் பார்த்ததில்லை. அவனும் பேசத்தான் செய்தான் போலிருக்கிறது. ஏனென்றால் மறுநாள் மாடிப்படியில் இறங்கும்போது கீழே மேடை சரிந்த குரல் கேட்டது. "அங்க இன்னாடா கீது? எம் பேரன் அந்தத் தெருவுல பொறக்கறதா? ஜனங்க இன்னா பேசுவாங்க? வளகாப்பு முடிஞ்சாலும் இங்கியே இருக்கட்டும். பழகிடும்."

அவள் பாதி படியில் நின்றாள். வயிற்றின் மேல் கையை வைத்துக் காத்திருந்தாள். கொஞ்சநேரம் கழித்து உள்ளே ஏதோ லேசாகப் புரண்டது, தூக்கத்தில் புரள்கிற மாதிரி.

வெள்ளிக்கிழமை வாசலில் பந்தல். பந்தலின் முன்னால் 'சமத்துவ வளைகாப்பு' என்று பிளக்ஸ். அதில் கோதண்டபாணி ஆள் உயரத்தில் கும்பிட்டுக்கொண்டிருந்தார். அவர் முழங்கைக்குக் கீழே, ஒரு தபால்தலை அளவில், வளைகாப்புக்காரி. மன்றத்து ஆட்கள் வந்தார்கள், உறவினர்கள் வந்தார்கள், உள்ளூர்ப் பத்திரிகைக்காரர் ஒருவர் காமிராவோடு வந்தார். எல்லோரும் முதலில் தொட்டியைத்தான் பார்த்தார்கள். கோதண்டபாணி வெள்ளிப்பிடி வலையைக் கையில் பிடித்துக்கொண்டு விளக்கிக்கொண்டிருந்தார். முந்தின நாள் வந்த புதிய கறுப்பு மஞ்சள் பாறை இடுக்கிலிருந்து வெளியே வராததை "கூச்ச சுபாவம்" என்றார்.

"தலைவரே, அந்தச் சின்னது ஏன் மூலையிலியே நிக்குது?" என்று கேட்டார் அப்பாதுரை.

"அது தியானம் செய்கிறது."

அப்பாதுரை உடனே கைகூப்பினார்.

அஸ்வினியின் அம்மா சவுரியம்மாள் ஒன்பது மணி பஸ்சில் வந்து இறங்கினாள். கூட்டேரிப்பட்டுக் கூட்டுரோட்டில் அவளுக்கு இட்லிக் கடை. லாரிக்காரர்கள், மயிலம் கோயிலுக்குப் போகிறவர்கள், எந்தத் தெருக்காரர் என்றில்லாமல் எல்லோரும் நின்றுகொண்டே தின்றுவிட்டுப் போகிற இட்லி. கோதண்டபாணியே ஒருமுறை காரை நிறுத்தித் தின்று சட்னியைப் புகழ்ந்திருக்கிறார். அப்போது அவள் சம்பந்தி ஆகியிருக்கவில்லை. இன்றைக்குக் கடையைப் பூட்டிவிட்டு, ஒரு தூக்கு நிறையப் புளிசாதம் கிளறி, செய்தித்தாளில் சுற்றிய கண்ணாடி வளையல்களோடு வந்திருந்தாள்.

"சம்மந்திம்மா, நல்லாருக்கீங்களா?"

"வாங்க அஸ்வினி அம்மா" என்றாள் ஜெயம். சம்பந்தி என்ற சொல் அவள் வாயில் வந்ததே இல்லை. தூக்கை இரண்டு கையாலும் பவ்யமாக வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தொட்டிக்குப் பக்கத்தில் போட்டு, "இங்க ஒக்காருங்க. ஏசி மாதிரி இருக்கும். மீனப் பாத்துக்கினு இருங்க" என்றாள்.

வளையல் போடுவது உள்கூடத்தில். சவுரியம்மாள் செய்தித்தாள் பொட்டலத்தோடு எழுந்தபோது ஜெயத்தின் அக்காள் வந்து தோளைத் தொடாமல் நிறுத்தினாள். "நீங்க இருங்க. தாலி இருக்கறவங்கதான் மொதல்ல போடணும். தப்பா நெனைக்காதீங்க, நாங்க சாதியெல்லாம் பாக்கறதில்ல. சம்பிரதாயம் மட்டும்தான் பாக்கறோம்."

சவுரியம்மாள் உட்கார்ந்துவிட்டாள். அவள் புருஷன் செத்து எட்டு வருஷம். செத்தவரும் இன்றைக்கு இவர்களுக்கு உதவியாகத்தான் இருக்கிறார் என்று அவளுக்குத் தோன்றியிருக்கலாம். தோன்றியதைக் காட்டிக்கொள்கிற வழக்கம் அவளுக்கு இல்லை. தொட்டியைப் பார்த்தாள். ராணி கண்ணாடிக்கு வந்து அவளை உற்றுப் பார்த்தது. "கூத்துல வர்ற கட்டியக்காரன் மாதிரி வேசம் கட்டிக்கினு இருக்குதுங்க" என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள். பக்கத்தில் இருந்தவள் சிரித்துவிட்டு, நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்திப் போட்டுக்கொண்டாள்.

உள்ளே மணையில் உட்கார்ந்திருந்த அஸ்வினியின் கையில் வளையல்கள் ஏறின. சந்தனம், குங்குமம், பன்னீர், காமிரா. ஒவ்வொருத்தியும் வளையலை ஏற்றிவிட்டு, "கையி எலும்பாட்டம் இருக்குது, புள்ள எப்டிப் பொறக்கும்?" என்று ஆசீர்வாதத்தோடு சேர்த்துச் சொன்னாள். காலையிலிருந்து உள்ளே ஒரே ஒரு தடவைதான் அசைந்தது. அது அசைவா, இல்லை தன் மூச்சா என்றுகூட அவளால் சொல்ல முடியவில்லை. கூட்டத்தின் இடுக்கில் பார்த்தாள். அம்மா தொட்டியோரம், சுவர் மூலையில், பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு, உடம்பை ஒடுக்கி உட்கார்ந்திருந்தாள்.

விழாவின் கடைசியில் பேச்சு. கோதண்டபாணி பேசினார். சமத்துவம் வீட்டில் தொடங்க வேண்டும் என்றார். தன் வீட்டில் அது தொட்டியிலேயே தொடங்கிவிட்டது என்றார். "அதோ, என் அருமைச் சம்பந்தி!" என்று கை நீட்டினார். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். சவுரியம்மாள் பதறி எழுந்து கும்பிட்டாள். காமிரா மின்னியது. நன்றி சொல்ல அப்பாதுரை மைக்கை வாங்கினார். நல்ல மனிதர். மனசு நிறைந்துபோயிருந்தது.

"எல்லாம் சிறப்பா நடந்துச்சு. வழக்கப்படி இன்னைக்கு நம்ம வீட்டுப் பொண்ண தாய்வீட்டுக்கு அனுப்பணும் இல்லீங்களா? தலைவர் எப்போ அனுப்பறாருன்னு சொன்னா, நாமளும் வாசல்வரைக்கும் போயி வழியனுப்பிட்டு வரலாம்."

கோதண்டபாணியின் வாய் திறந்தது. ஒரு நொடி அதில் எந்தத் தமிழும் இல்லை.

அஸ்வினி மணையிலிருந்து எழுந்தாள். இரண்டு கை வளையலும் குலுங்கின. அந்தச் சத்தத்துக்கே கூடம் அடங்கியது.

"இப்பவேதாங்க சார். மாமா நேத்தே சொல்லிட்டாரு. மொத பிரசவம் அம்மாவுக்குத்தான் உரிமை, அந்தத் தெருவுல எம் பேரன் பொறந்தாத்தான் நான் பேசறதுக்கு அர்த்தம்னு சொன்னாரு."

கைதட்டல் பந்தல்வரை போய்த் திரும்பி வந்தது. அப்பாதுரை கண்ணைத் துடைத்துக்கொண்டார். பத்திரிகைக்காரர் குனிந்து எழுதினார். கோதண்டபாணி மகனைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார், கடைசியில் காமிராவைப் பார்த்தார். தோளில் இருந்த துண்டைச் சரிசெய்துகொண்டு கும்பிட்டார். "ஆம்" என்றார். "ஆம். இதில் என்ன இருக்கிறது?"

சாப்பாட்டுப் பந்தி தொடங்கிக் கூட்டம் வெளியே நகர்ந்ததும் ஜெயம் பின்கட்டில் அவளைப் பிடித்தாள். மூச்சு வாங்கவில்லை. படி எதுவும் ஏறியிருக்கவில்லையே. "நல்லா படிச்சிக்கினுதான் வந்திருக்க. போறவ அங்கியே இருந்துக்க. திரும்பி வந்து இந்தப் படியேறலாம்னு நெனைக்காத." சொல்லிவிட்டு, பந்திக்கு அப்பளம் எடுத்துக்கொண்டு, முகத்தில் சிரிப்போடு வெளியே போனாள்.

இனியவன் வந்தான். அவள் முகத்தைப் பார்க்காமல் வளையலைப் பார்த்துக்கொண்டு, "ஏன் அஸ்வி இப்டி? நான்தான் பேசறேன்னு சொன்னேன் இல்ல" என்றான்.

"நீங்களும் வர்றீங்களா?"

"இப்பவா? பந்தி நடக்குது." போனை எடுத்துப் பார்த்துவிட்டு உள்ளே வைத்தான். "வலி வந்தா போன் பண்ணு. ஜல்தியா வந்துடறேன்."

அவன் போன பிறகு அவள் வாஷிங் மெஷினுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். போன தடவை அம்மா கொண்டுவந்த கடலை உருண்டை அங்கேதான் இருந்தது, அங்கிருந்து எதிர்வீட்டு மாட்டுத் தொட்டிக்குப் போனது. இன்றைய தூக்கும் அங்கேயே இருந்தது. மூடி திறக்கப்படவே இல்லை. அஸ்வினி பட்டுப்புடவையோடு சிமெண்ட் தரையில் உட்கார்ந்தாள். மெஷினில் சாய்ந்துகொண்டு, தூக்கைத் தொடைகளுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு, சந்தனம் பூசிய கையாலேயே அள்ளினாள். புளியும் நல்லெண்ணெயும் வறுத்த மல்லாட்டையும். அள்ளி அள்ளித் தின்றாள். விக்கியது, தின்றாள். யாரையும் கூப்பிட வேண்டியிருக்கவில்லை. கைக்கு எட்டிய தூரத்தில் இன்னும் இருந்தது, இன்னும் இருந்தது. சவுரியம்மாள் தேடிக்கொண்டு வந்து வாசற்படியில் நின்றாள். மகள் தின்பதைப் பார்த்தாள். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு திரும்பி நின்றாள்.

"பாப்பா, மெதுவா."

அடியில் ஒட்டியிருந்ததையும் வழித்துவிட்டு, தூக்கைக் குழாயில் புளி வாசனை போகத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். கூடத்தில் யாரும் இல்லை. வெளியே பாயசம் வந்துவிட்டதாக யாரோ கத்தினார்கள். தூக்கைத் தொட்டிக்குள் சரித்துத் தண்ணீர் மொண்டாள். வடிகட்டியை எடுக்கவில்லை, கையையே விட்டாள். வளையல்கள் உப்புத் தண்ணீரில் நனைந்து சத்தத்தை இழந்தன. ராணி கடல்சாமந்தியிலிருந்து கிளம்பி நேராக வந்து கட்டைவிரல் ஓரத்தைக் கடித்தது. போய்த் திரும்பி வந்து மறுபடியும் கடித்தது. மெலிதாக ஒரு சிவப்பு இழை நீரில் பிரிந்தது. அவள் கையை எடுக்கவில்லை. மூலையில் இருந்தது தப்பிக்கக்கூடப் பார்க்கவில்லை. அவள் உள்ளங்கை வந்து மூடியதும், அதற்காகவே நின்றுகொண்டிருந்தது போல விரல்களுக்கு நடுவில் ஒடுங்கிக்கொண்டது.

திண்டிவனம் பஸ்சில் ஜன்னலோர இருக்கை கிடைத்தது. கண்டக்டர் சீட்டைக் கிழித்துக்கொண்டே மடியில் இருந்த தூக்கைப் பார்த்தார். கை நிறைய வளையலைப் பார்த்தார். "இன்னா யம்மா தூக்குல? விருந்துச் சாப்பாடா?"

"மீனு."

"அட, வளகாப்பு ஊட்ல மீன் கொழம்பா? நல்ல ஊடு" என்று சிரித்துக்கொண்டு நகர்ந்தார்.

பஸ் விக்கிரவாண்டியைத் தாண்டியது. சவுரியம்மாள் கேட்டாள். "இத எதுல வுடறது பாப்பா? நம்மூட்டு அண்டாவுல வுட்டுடலாமா? உப்புப் போட்டுக்கலாம்."

"அந்த உப்பு இல்லம்மா."

"மரக்காணம் போனா கடலு இருக்குது."

"இது அந்தக் கடலு மீனும் இல்ல."

சவுரியம்மாள் மடியிலிருந்த பொட்டலத்தைப் பிரித்தாள். முழங்கைவரை நிறைந்திருந்த மகளின் கையில் இடம் தேடிப் பார்த்தாள். இல்லை. செய்தித்தாளைத் திரும்பச் சுற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

அஸ்வினி ஒரு கையை வயிற்றின் மேல் வைத்திருந்தாள். இவ்வளவு சாப்பிட்டிருக்கிறாள், இப்போது அசைய வேண்டும். சாலைப் பள்ளத்தில் பஸ் தூக்கிப் போட்டது. அசைந்தது பஸ்சா உள்ளேயா என்று தெரியவில்லை. மறுபடியும் காத்திருந்தாள். மற்றக் கையால், காற்றுப் படட்டும் என்று, தூக்கின் மூடியைக் கொஞ்சம் நகர்த்தினாள். உள்ளே தண்ணீர் தளும்பிக்கொண்டிருந்தது. துரத்த யாரும் இல்லை. சின்ன மீன் எவர்சில்வர் சுவரில் உடம்பை ஒட்டிக்கொண்டு சுற்றிச் சுற்றி வந்தது, அந்த வட்டமான தூக்கில் ஒரு மூலையைத் தேடிக்கொண்டு.